கிரியேட்டின் எடுத்தால் முடி கொட்டுமா? அளந்தது எது, சொல்வது எது

ஜனவரி 9

கேள்வி வந்தபடியே:

"அண்ணா, மூணு மாசமா கிரியேட்டின் எடுக்கிறேன். தலை சீவும்போது சீப்பில் முடி நிறைய வருகிற மாதிரி இருக்கு. கிரியேட்டின் முடியைக் கொட்ட வைக்கும்னு ஆய்விலேயே நிரூபிச்சாச்சாம். நிறுத்திடவா?"

கிரியேட்டின் என்பது ஜிம்முக்குப் போகிறவர்கள் திறனைக் கூட்டப் பவுடராக எடுக்கும் சப்ளிமெண்ட். அந்த ஆய்வு கட்டுக்கதை இல்லை. 2009ல் தென்னாப்பிரிக்காவில் கல்லூரி வயது ரக்பி வீரர்கள் 20 பேரை வைத்துச் செய்தார்கள். முதல் ஒரு வாரம் நாளுக்கு 25 கிராம் கிரியேட்டின், அடுத்த இரண்டு வாரம் நாளுக்கு 5 கிராம். டிஹெச்டி என்ற ஹார்மோன் முதல் வாரத்திலேயே 56 சதவீதம் ஏறியது, அதற்குப் பிறகும் தொடக்கத்தைவிட 40 சதவீதம் அதிகமாகவே நின்றது. ஆண்களுக்குப் பரம்பரையாக வரும் வழுக்கையில் இந்த ஹார்மோனுக்குப் பங்கு உண்டு. அதனால் சந்தேகம் எழுந்தது நியாயம்தான்.

ஆனால் அந்த மூன்று வாரமும் யாரும் அவர்கள் தலைமுடியைப் பார்க்கவில்லை. ஒரு முடியைக்கூட எண்ணவில்லை. எடுத்தது ரத்தம், அளந்தது ஹார்மோன். ஏறிய அளவும் இயல்பான வரம்பைத் தாண்டவில்லை. 'ஹார்மோன் ஏறியது' என்பது காகிதத்தில் இருப்பது. 'முடி கொட்டும்' என்பது படித்தவர்கள் தாங்களாகச் சேர்த்துக்கொண்டது. நடுவில் இருக்கும் பள்ளத்தை யாரும் இறங்கிப் பார்க்காமலே பதினைந்து வருடம் இந்தப் பேச்சு ஓடியிருக்கிறது.

2025ல்தான் முடியையே அளந்த ஒரு சோதனை வந்தது. 12 வாரம், நாளுக்கு 5 கிராம். ஒரு குழுவுக்குக் கிரியேட்டின், இன்னொரு குழுவுக்கு மருந்துப்போலி, அதாவது பார்க்க அதே மாதிரி இருக்கும், உள்ளே சரக்கு இல்லாத ஒன்று. முடியின் அடர்த்தி, தடிமன், டிஹெச்டி என எதிலும் இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. 12 வாரம் குறைவான காலம்தான், ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும் கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் தேடிய ஆய்வு இது. இரண்டில் ஒன்றைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றால் நான் இதைத்தான் பிடித்துக்கொள்வேன்.

நிறுத்துவதும் தொடர்வதும் உங்கள் விருப்பம். நிறுத்தினால் காரணத்தைத் தெரிந்துகொண்டு நிறுத்துங்கள்.

ஜனவரி 10

நேற்று விட்டுப்போனது. தினமும் 50 முதல் 100 முடி வரை உதிர்வது எல்லோருக்கும் நடப்பதுதான். கடும் காய்ச்சலோ, சாப்பாட்டைத் திடீரென்று குறைத்து எடை இறக்கியதோ இருந்தால் இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்தாகக் கொட்டும். ஜிம்மில் சேர்ந்து, கிரியேட்டின் வாங்கி, டயட்டும் தொடங்குவது பெரும்பாலும் ஒரே வாரத்தில் நடக்கிற காரியம். மூன்று மாதம் கழித்துச் சீப்பில் முடி வந்தால் பழி டப்பாவின் மேல் விழுகிறது. உங்களுக்கு அப்படி ஏதாவது இருந்ததா என்று யோசித்துச் சொல்லுங்கள்.

ஜனவரி 14

"அப்போ எந்தச் சப்ளிமெண்டையும் நம்பக்கூடாதா?" இல்லை, நான் சொன்னது அது இல்லை. சர்வதேச ஒலிம்பிக் குழு 2018ல் நிபுணர்களைக் கூட்டி ஓர் அறிக்கை வெளியிட்டது. விளையாட்டுத் திறனை நேரடியாகக் கூட்டுவதற்கு நல்ல ஆதாரம் உண்டு என்று அதில் சொன்னவை கைவிரலில் அடங்கும்: கஃபீன், கிரியேட்டின், நைட்ரேட், அப்புறம் உடலில் அமிலம் ஏறுவதைத் தாங்க உதவும் பீட்டா அலனைன், சோடியம் பைகார்பனேட். கடை அலமாரியில் இருக்கும் மற்ற நூற்றுக்கணக்கான பெயர்கள் அதில் இல்லை.

இந்த ஐந்துக்கும்கூட 'எதற்கு, யாருக்கு, எவ்வளவு' என்ற வாலைச் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். கிரியேட்டினுக்கு ஐரோப்பிய ஒன்றியம் அனுமதித்திருக்கும் வாசகத்தைப் பாருங்கள்: அடுத்தடுத்துச் செய்யும் குறுகிய, கடும் முயற்சிகளில் திறனைக் கூட்டும், நாளுக்கு 3 கிராம் எடுத்தால். அவ்வளவுதான். மராத்தான் ஓடுபவருக்கு அது எதையும் சொல்லவில்லை. 'எனர்ஜி' என்ற சொல்லும் இல்லை. சப்பென்று இருக்கிறது அல்லவா? ஆராய்ந்து எழுதிய வாசகம் பெரும்பாலும் சப்பென்றுதான் இருக்கும்.

புரோட்டீன் பவுடருக்கும் இதே கதைதான். 49 ஆய்வுகள், 1,863 பேரை ஒன்றுசேர்த்து 2018ல் ஓர் அலசல் வந்தது. எடைப்பயிற்சியோடு கூடுதல் புரோட்டீன் எடுத்தவர்களுக்கு எடுக்காதவர்களைவிடக் கூடுதலாகச் சேர்ந்த கொழுப்பில்லாத எடை சராசரியாக 0.3 கிலோ. பலன் உண்டு, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் 300 கிராம். உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.6 கிராம் அளவைத் தாண்டினால் சராசரியாக மேலும் பலன் தெரியவில்லை. சாப்பாட்டிலேயே அந்த அளவு வருகிறவருக்குப் பவுடர் ஒரு வசதி மட்டுமே.

ஜனவரி 15

கிரியேட்டின் கிட்னியைக் கெடுக்குமா என்று கேட்டவருக்கு: கிட்னி எப்படி இருக்கிறது என்று பார்க்க ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருளை அளப்பார்கள். கிரியேட்டின் உடலில் தானாகவே கிரியேட்டினினாக மாறி சிறுநீரில் போகும். கிரியேட்டின் எடுத்தால், தசை அதிகமிருந்தால், ரத்தத்தில் கிரியேட்டினின் கொஞ்சம் ஏறித்தான் காட்டும். பயப்பட ஒன்றுமில்லை.

(பிப்ரவரி 3: மேலே எழுதியதை அழிக்காமல் விட்டிருக்கிறேன். அது தப்பு. கீழே அன்றைய குறிப்பைக் கட்டாயம் படியுங்கள்.)

ஜனவரி 21

"எல்லா ஆய்வையும் விடுங்க, எனக்கு வேலை செஞ்சுது, அது போதாதா?"

இதை நான் லேசாகத் தள்ள மாட்டேன். ஏனென்றால் எட்டு வருடம் முன்னால் நான் சொன்ன வசனமே இதுதான்.

ஒரு ப்ரீ-ஒர்க்கவுட் பவுடர், அதாவது பயிற்சிக்கு முன் குடிப்பது. ஒரு ஸ்கூப்பைத் தண்ணீரில் கலக்கிக் குடித்தால் கால் மணி நேரத்தில் காது மடலில் ஆரம்பிக்கும். சின்னச் சின்ன ஊசி குத்துகிற மாதிரி. அப்புறம் உதடு, கழுத்து, புறங்கை. சொறியாமல் இருக்க முடியாது. அந்த ஊறல் வந்ததும் 'ஏறிடுச்சு' என்று எழுந்து பார்பெல் பக்கம் போவேன். அன்றைக்குத் தூக்கும் எடையும் நன்றாகவே ஏறும். ஊறல் வராத நாளில் டப்பா பழசாகிவிட்டதோ என்று இன்னும் அரை ஸ்கூப் போட்டிருக்கிறேன். ஜிம்மில் குறைந்தது நான்கு பேரை வாங்க வைத்திருக்கிறேன்.

அந்த ஊறல் பீட்டா அலனைனின் வேலை. தோலில் இருக்கும் நரம்பு முனைகளை அது தூண்டுகிறது. பீட்டா அலனைன் தசைக்குச் செய்யும் உதவி வேறு: தசையில் கார்னோசின் என்ற பொருளைச் சேர்த்து வைப்பது. அது தினமும் 3 முதல் 6 கிராம் வரை வாரக்கணக்கில் எடுத்தால் மெல்ல மெல்லச் சேரும். பலன் தெரிவது ஒன்றிலிருந்து நான்கு நிமிடம் வரை நீளும் கடும் முயற்சியில். நான் வாரத்தில் மூன்று நாள் எடுத்தேன், ஐந்து ரெப் (ஐந்து முறை தூக்கி இறக்குவது) அடிப்பதற்காக எடுத்தேன். ஐந்து ரெப் முடிய இருபது விநாடி ஆகுமா? நான் உணர்ந்தது தோலில். நம்பியது தசையில். இரண்டுக்கும் அன்றைக்குச் சம்பந்தமே இல்லை.

சரி, எடை ஏறியது எப்படி? ஒன்று, அந்தப் பவுடரில் கஃபீனும் இருந்தது. இரண்டு, நம்பிக்கை. 1972ல் வெளியான ஒரு சோதனையில் பளு தூக்கும் இளைஞர்கள் ஆறு பேரிடம் ஸ்டீராய்டு தருகிறோம் என்று சொல்லி மருந்துப்போலியைக் கொடுத்தார்கள். அதை விழுங்கிய நான்கு வாரத்தில், அதற்கு முந்தைய வாரங்களில் ஏறியதைவிட வேகமாக அவர்கள் தூக்கிய எடைகள் ஏறின. ஆறு பேர் என்பது சின்னக் கூட்டம், அதை மறக்கவில்லை. ஆனால் ஏறியது நிஜமான இரும்பு. அவர்கள் பொய் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. 'எனக்கு வேலை செஞ்சுது' என்பவரைப் பொய்யர் என்று நினைக்காதீர்கள். வேலை செய்தது எது என்பது அவருக்கும் தெரியாது, அவ்வளவுதான்.

ஜனவரி 22

நான் வாங்க வைத்த நான்கு பேரில் இரண்டு பேரின் நம்பர் இன்னும் இருந்தது. போன் போட்டுச் சொல்லிவிட்டேன். ஒருவர் இன்னமும் அதையே எடுத்துக்கொண்டிருக்கிறார்.

ஜனவரி 28

அக்கா மகன் வந்திருந்தான். வயது 19. "மாமா, இதைப் பாருங்க" என்று போனை நீட்டினான். மூன்று வாரத்தில் உடம்பு மாறிய இரண்டு போட்டோ, அடியில் ஒரு டப்பா, பின்பக்க லேபிள். லேபிளைப் பெரிதாக்கி இருவரும் பென்சிலோடு உட்கார்ந்தோம்.

'பிரத்யேகக் கலவை, 2,800 மில்லிகிராம்' என்று போட்டு கீழே பதினொரு பெயர்கள். தனித்தனி அளவு இல்லை. இந்த மாதிரி கலவைகளில் அதிக எடையுள்ளது முதலில் வரும், பிறகு இறங்கு வரிசை. அப்படியானால் எட்டாவதாக இருக்கும் பொருள் அதிகபட்சம் எவ்வளவு இருக்கலாம்? அதற்கு முன்னால் இருக்கும் ஏழும் அதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்க வேண்டும். 2,800ஐ எட்டால் வகுத்தால் 350. அதற்குமேல் ஒரு மில்லிகிராம்கூட இருக்க வழியில்லை. நான்காவது பொருளென்றால் 700, பதினொன்றாவது 254. கலவையின் மொத்த எடையை வரிசை எண்ணால் வகுத்தால் போதும், மறைத்து வைத்ததன் உச்சவரம்பு வெளியே வந்துவிடும்.

மூன்றாவது இடத்தில் சிட்ருலின் மாலேட், சோர்வைத் தள்ளிப்போடும் என்று விற்கும் பொருள். ஆய்வுகளில் வழக்கமாகக் கொடுத்த அளவு 8 கிராம். இந்தக் கலவையின் மொத்தமே 2.8 கிராம். மூன்றாவது என்பதால் அதிலும் 933 மில்லிகிராமுக்கு மேல் இருக்காது. பையன் அந்தக் கணக்கை இரண்டு முறை போட்டுப் பார்த்தான். "அப்போ அந்த ஆய்வு நிஜம், ஆனா இந்த டப்பா அந்த ஆய்வுல இருந்த டப்பா இல்ல" என்றான். நான் சொல்லித்தரவில்லை, அவனாகவே சொன்னது.

பட்டியலில் நெருஞ்சி முள்ளும் இருந்தது, டெஸ்டோஸ்டிரோனைக் கூட்டும் என்று. மனிதர்களிடம் செய்த சோதனைகளில் அது டெஸ்டோஸ்டிரோனைக் கூட்டியதாகத் தெரியவில்லை. 19 வயதுப் பையனுக்கு அதைக் கூட்ட வேண்டிய தேவை என்ன என்பது அடுத்த கேள்வி. அதை அவனிடம் கேட்கவில்லை, அக்கா கேட்டுக்கொள்வாள்.

போட்டோவைப் பற்றி: வெளிச்சம் மேலிருந்து விழுந்தால், எடுப்பதற்கு முன் நாலு செட் அடித்திருந்தால், ஒரே நாளில் ஒரே ஆள் இரண்டு ஆளாகத் தெரிவான். அதற்கு மூன்று வாரம் வேண்டாம்.

பிப்ரவரி 2

புரோட்டீன் பவுடர் லேபிளில் 24 கிராம் என்று போட்டால் 24 கிராம் இருக்குமா? அளக்கும் விதத்தைத் தெரிந்துகொண்டால் இதற்குப் பதில் கிடைக்கும்.

வழக்கமான சோதனை புரோட்டீனை நேராக அளப்பதில்லை. அதிலுள்ள நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்குகிறது. புரோட்டீனில் ஏறத்தாழ 16 சதவீதம் நைட்ரஜன் என்பதால் இந்தப் பெருக்கல். நைட்ரஜன் எங்கிருந்து வந்தது என்று அந்தச் சோதனைக்குத் தெரியாது. கிளைசின் ஒரு மலிவான அமினோ அமிலம் (புரோட்டீனைக் கட்டும் சிறு துண்டுகளில் ஒன்று), அதில் சுமார் 19 சதவீதம் நைட்ரஜன். கிரியேட்டினில் 32. அதாவது ஒரு கிராம் கிரியேட்டினைப் பவுடரில் போட்டால் சோதனையில் அது இரண்டு கிராம் 'புரோட்டீன்' என்று வரும். தசைக்கு அதிலிருந்து ஒரு கிராம் புரோட்டீனும் கிடைக்காது. 2008ல் சீனாவில் குழந்தைகளின் பால்மாவில் மெலமைன் கலந்ததும் இதே ஓட்டை வழியாகத்தான். மெலமைனில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். அந்தக் குழந்தைகளின் சிறுநீரகங்களில் கல் சேர்ந்தது. சிலர் இறந்தே போனார்கள்.

லேபிளில் என்ன பார்ப்பது? உட்பொருள் பட்டியலில் கிளைசின், டாரின், கிரியேட்டின், குளுட்டமின் என்று தனியாகப் போட்டிருந்தால், அவற்றையும் புரோட்டீன் கணக்கில் சேர்த்திருக்கிறார்களா என்று கேளுங்கள். அமினோ அமிலப் பட்டியல் இருந்தால் லியூசினைப் பாருங்கள். பாலிலிருந்து பிரித்த வே புரோட்டீன் 25 கிராமில் ஏறக்குறைய 2.5 கிராம் லியூசின் இருக்க வேண்டும். 1.5 என்று போட்டிருந்தால் மீதி எங்கே போனது?

பிப்ரவரி 3

ஜனவரி 15 குறிப்பைத் திருத்துகிறேன். இதை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதியாக வேண்டும்.

எனக்குத் தெரிந்தவர், வயது 46. ரத்தக் கொதிப்பு உண்டு, மாத்திரையை ஒழுங்காகப் போடுவதில்லை. கிரியேட்டின் எடுக்கிறார். வருடாந்திரப் பரிசோதனையில் கிரியேட்டினின் 1.6, அதாவது இயல்பைவிட அதிகமாக, வந்திருக்கிறது. நான் எழுதிய 'பயப்பட ஒன்றுமில்லை' என்ற வரியைப் படித்துவிட்டு டாக்டரிடம் போகாமல் இருந்திருக்கிறார். மனைவி வற்புறுத்தி அழைத்துப் போன பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. டாக்டர் கிரியேட்டினை நிறுத்தச் சொல்லி, சில வாரம் கழித்து மறுபடி பார்த்திருக்கிறார். இறங்கவில்லை. அதோடு கிட்னியின் வேலையை வேறு வழியில் காட்டும் சிஸ்டாடின் சி என்ற சோதனையும், சிறுநீரில் அல்புமின் என்ற புரோட்டீன் போகிறதா என்ற சோதனையும். இரண்டும் சரியில்லை. கொதிப்பு கிட்னியை ஏற்கனவே பாதித்திருக்கிறது.

முடி விஷயத்தில் நான் என்ன சொன்னேன்? அளந்தது ஹார்மோன், சொன்னது முடி, நடுவில் பள்ளம் என்றேன். ஆறே நாளில் நானே அதைச் செய்தேன். கிரியேட்டின் கிரியேட்டினினை ஏற்றும் என்பது உண்மை. அதிலிருந்து 'ஏறினால் காரணம் கிரியேட்டின்தான், கிட்னி நன்றாக இருக்கிறது' என்று குதித்துவிட்டேன். அதற்கு என்னிடம் ஒரு ஆதாரமும் கிடையாது.

சரியாகச் சொல்ல வேண்டியது: ஆரோக்கியமானவர்களிடம் செய்த ஆய்வுகளில், வழக்கமான அளவில் எடுத்த கிரியேட்டின் கிட்னியைக் கெடுத்ததாகத் தெரியவில்லை. 'ஆரோக்கியமானவர்களிடம்' என்ற சொல்லைத் தாண்டிப் போகாதீர்கள். கிரியேட்டினின் ஏறி வந்தால் கிரியேட்டின் எடுப்பதை டாக்டரிடம் சொல்லுங்கள், சிஸ்டாடின் சி பார்க்கலாமா என்று கேளுங்கள். தசை அளவும் கிரியேட்டினும் அதை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. கொதிப்பு, சர்க்கரை, கிட்னிக் கோளாறு ஏதாவது இருந்தால் டப்பாவைத் திறப்பதற்கு முன்பே கேளுங்கள்.

அவரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். "நீ எழுதாட்டியும் நான் போயிருக்க மாட்டேன்" என்றார். இருக்கலாம். ஆனாலும் அவர் கையில் சாக்கைக் கொடுத்தது நான்தான்.

பிப்ரவரி 11

கொஞ்ச நாள் எழுதவில்லை. ஒருவர் அனுப்பிய கேள்வி நல்ல கேள்வி: "ஆய்வு முறையா செஞ்சிருக்காங்க, மருந்துப்போலி குழு இருக்கு, யாருக்கு எதுன்னு யாருக்கும் தெரியாம வெச்சிருக்காங்க, இதழ்ல வந்திருக்கு. இதையும் நம்பலேன்னா எதைத்தான் நம்புறது?"

அவர் சொல்வது ஹெச்எம்பி பற்றிய 2014 ஆய்வு. லியூசினிலிருந்து உடலில் உருவாகும் பொருள் அது, சப்ளிமெண்டாகவும் விற்கிறார்கள். 12 வாரம். ஹெச்எம்பி எடுத்த பயிற்சியாளர்களுக்குக் கொழுப்பில்லாத எடை 7.4 கிலோ கூடியது, மருந்துப்போலி குழுவுக்கு 2.1 கிலோ. ஏற்கனவே நன்றாகப் பயிற்சி பெற்றவர்கள் இவர்கள்.

இதன் பக்கத்தில் ஒரு உச்சவரம்பை வைத்துப் பார்ப்போம். 1996ல் வெளியான சோதனையில் ஆண்களுக்கு வாரம் 600 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டு, எடைப்பயிற்சியும் கொடுத்தார்கள், 10 வாரம். கூடியது 6.1 கிலோ. 600 மில்லிகிராம் என்பது உடல் தானாகச் சுரப்பதைவிடப் பல மடங்கு. அதை மிஞ்சுகிறது ஒரு கேப்ஸ்யூல் என்றால், உலகத்தில் ஒருவரும் ஊசி போட்டுக்கொள்ள மாட்டார்கள். ஊக்கமருந்துச் சோதனைக்கு வேலையே இருக்காது.

ஆய்வாளர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் சொல்லவில்லை, அந்த முடிவைக் கேள்வி கேட்டு மற்ற ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். நான் செய்வது ஒன்றுதான்: முறை சரியா என்று பார்த்த கையோடு, எண் நடக்கக்கூடியதா என்றும் பார்க்கிறேன். ஒத்துப்போகாத எண் வந்தால் வேறு ஆட்கள், வேறு பணத்தில், மறுபடி செய்து காட்டும் வரை காத்திருப்பேன். காத்திருப்பதால் எனக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

பிப்ரவரி 12

பிசிஏஏ (லியூசின் உட்பட மூன்று அமினோ அமிலங்கள் சேர்ந்த சப்ளிமெண்ட்) உதவுமா என்று கேட்டவர்களுக்குச் சுருக்கமாக. 2017 ஆய்வு ஒன்றில் பயிற்சிக்குப் பின் பிசிஏஏ கொடுத்ததும் தசையில் புரோட்டீன் உருவாகும் வேகம் 22 சதவீதம் கூடியது. உண்மைதான். எதோடு ஒப்பிட்டு? மருந்துப்போலிப் பானத்தோடு. அதே அளவு பிசிஏஏ அடங்கிய முழு வே புரோட்டீனோடு பார்த்தால் இது ஏறக்குறைய பாதிதான். தசை கட்ட ஒன்பது அத்தியாவசிய அமினோ அமிலமும் வேண்டும், இதில் இருப்பது மூன்று. மூன்று மேஸ்திரியை அனுப்பிவிட்டுச் செங்கல் அனுப்பாத கதை. 'எதோடு ஒப்பிட்டார்கள்' என்ற ஒரு கேள்வியிலேயே பாதி விளம்பரம் உதிர்ந்துவிடும்.

பிப்ரவரி 19

'இயற்கை, மூலிகை, பக்கவிளைவு இல்லை' பற்றி எழுதச் சொன்னார்கள்.

கொழுப்பைக் கரைக்கும் கேப்ஸ்யூல் ஒன்றை வாங்கினேன், ஜிம் டிரெய்னர் சொல்லி. பெயர் வேண்டாம். லேபிளில் கஃபீன் 150 மில்லிகிராம். சரி, தாங்கும் என்று நினைத்தேன். இரண்டாவது நாள் ராத்திரி ஒன்றரை மணிக்கு விழித்தேன். இதயம் தலையணை வழியாகக் கேட்டது. தட், தட், தடதட, ஒரு துடிப்பு விட்டு மறுபடி தட். உட்கார்ந்தாலும் கேட்டது, படுத்தாலும் கேட்டது. மனைவி கையைப் பிடித்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தாள். காலையில் இசிஜி எடுத்தோம், பெரிதாக ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்து லேபிளைத் திரும்பப் படித்தேன். கஃபீன் 150 தவிர குவாரனா விதைச் சாறு, பச்சைத் தேயிலைச் சாறு, காப்பிக்கொட்டைச் சாறு. எல்லாவற்றிலும் கஃபீன். நான்கு பெயரில் ஒரே பொருள், ஒன்றுக்கு மட்டும் அளவு போட்டிருந்தது. டிரெய்னருக்கு அந்த டப்பா விற்றால் கமிஷன் என்பது பிறகு தெரிந்தது.

எஃபெட்ரா ஒரு செடிதான். சீன மருத்துவத்தில் நெடுங்காலமாக இருப்பது. அதை எடை குறைக்கும் மாத்திரையில் போட்டு விற்றார்கள். 2003ல் அமெரிக்காவில் 23 வயது பேஸ்பால் வீரர் ஸ்டீவ் பெக்லர் பயிற்சியின்போது வெயில் தாக்கி இறந்தார், எஃபெட்ரா எடுத்திருந்தார். 2004ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எஃபெட்ரா சேர்த்த சப்ளிமெண்டுகளைத் தடை செய்தது. செடியிலிருந்து வந்தது என்பது அது எங்கே விளைந்தது என்றுதான் சொல்கிறது. இதயத்தை என்ன செய்யும் என்று சொல்வதில்லை.

கஃபீன் பவுடரைத் தனியாக வாங்கி டீஸ்பூனால் அளப்பவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். ஒரு டீஸ்பூன் சுத்தக் கஃபீன் சுமார் 28 கப் காப்பிக்குச் சமம் என்று அதே நிர்வாகம் எச்சரித்திருக்கிறது. ஆள் செத்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 20

லேபிளில் இல்லாதது டப்பாவில் இருக்குமா? இருக்கும். ஜெர்மனியின் கொலோன் ஆய்வகம் 13 நாடுகளில் வாங்கிய 634 சப்ளிமெண்டுகளைச் சோதித்து 2004ல் வெளியிட்டது. ஹார்மோன் எதையும் குறிப்பிடாத டப்பாக்கள் அவை. அவற்றில் 94 டப்பாக்களில் லேபிளில் சொல்லாத ஹார்மோன் சார்ந்த பொருள் இருந்தது. கிட்டத்தட்ட 15 சதவீதம். போட்டிகளில் கலந்துகொள்பவர் என்றால் 'எனக்குத் தெரியாது' என்பது எடுபடாது, உடலில் என்ன இருந்தாலும் பொறுப்பு வீரருடையது என்பது உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் விதி.

அதனால் வெளி ஆய்வகம் சோதித்த முத்திரை இருக்கிறதா பாருங்கள். என்எஸ்எஃப் சர்டிஃபைட் ஃபார் ஸ்போர்ட், இன்ஃபார்ம்டு ஸ்போர்ட் போன்றவை. முத்திரை இருந்தால் வாங்கலாம்.

பிப்ரவரி 27

மேலே கடைசி வரி தப்பான அர்த்தம் தந்துவிட்டது. அக்கா மகன் நேற்று போன் செய்து, "மாமா, முத்திரை உள்ள பிசிஏஏ கிடைச்சுது, வாங்கிட்டேன்" என்றான்.

முத்திரை சோதிப்பது தடைப்பொருள் கலந்திருக்கிறதா, லேபிளில் சொன்னது இருக்கிறதா என்பதை. அது தசையைக் கட்டுமா என்று அந்த ஆய்வகத்தை யாரும் கேட்கவில்லை. சுத்தமான பிசிஏஏ சுத்தமாக உதவாமலும் இருக்கலாம். அதோடு, முத்திரை அசலா என்று முத்திரை கொடுத்த அமைப்பின் தளத்தில் பெயரையும் பேட்ச் எண்ணையும் போட்டுப் பாருங்கள். படம் வரைந்து ஒட்ட யாராலும் முடியும்.

மார்ச் 6

நட்சத்திரக் குறி பற்றி. 'நோய் எதிர்ப்பு சக்தியைத் தாங்கிப் பிடிக்கும்*' என்று போட்டு, அடியில் எறும்பு எழுத்தில் ஒரு வாசகம் இருக்கும்: இந்தக் கூற்றை உணவு மருந்து நிர்வாகம் மதிப்பிடவில்லை, எந்த நோயையும் கண்டறியவோ குணப்படுத்தவோ தடுக்கவோ அல்ல. அமெரிக்காவில் 1994ல் வந்த சட்டத்தின் விளைவு அது. விற்பனைக்கு வரும் முன் சப்ளிமெண்ட் பலன் தரும் என்று யாரிடமும் நிரூபிக்க வேண்டியதில்லை. 'தாங்கிப் பிடிக்கும்', 'ஊக்குவிக்கும்' போன்ற வினைச்சொற்களில் நிறுத்தினால் போதும், 'குணமாக்கும்' என்று எழுதினால்தான் மருந்தாகிவிடும். அதனால் டப்பாவில் வினைச்சொல்லைப் பாருங்கள். எண்ணும் அலகும் இல்லாத வினைச்சொல் எனக்கு ஒன்றும் சொல்வதில்லை.

2012ல் வெளியான ஓர் அலசலில், விளையாட்டுப் பொருள் விளம்பரங்களில் 104 பொருட்களுக்காகச் சொல்லப்பட்ட 431 கூற்றுகளை எடுத்து ஆதாரம் தேடினார்கள். ஆதாரம் என்று காட்டப்பட்ட ஆய்வுகளில் மதிப்பிட முடிந்தவை 74. தரமானது, ஒருபக்கச் சாய்வு குறைந்தது என்று தேறியவை மூன்று.

மூன்று என்று படித்ததும் நான் திரும்பப் படித்தேன். மூன்றேதான்.

மார்ச் 23

ஜனவரி 21ல் எழுதியது உறுத்திக்கொண்டே இருந்தது. 'வேலை செய்தது எது என்பது அவருக்கும் தெரியாது' என்று எழுதிவிட்டு நான் தெரிந்துகொள்ள முயலவில்லையே. அதனால் கஃபீனை எடுத்துக்கொண்டேன். என் எடை 67 கிலோ, 200 மில்லிகிராம் என்றால் கிலோவுக்கு 3 மில்லிகிராம். ஆய்வுகளில் பலன் தெரிந்த அளவின் கீழ் எல்லை. பழைய படபடப்பு நினைவிருந்ததால் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் ஆரம்பித்தேன்.

200 மில்லிகிராம் மாத்திரையைப் பொடித்து ஆறு காலிக் கேப்ஸ்யூல், சோளமாவு நிரப்பி ஆறு. நிரப்பியது மனைவி. ஒன்று முதல் பன்னிரண்டு வரை சீட்டு எழுதிக் குலுக்கிப் போட்டு, எந்த எண்ணுக்கு எது என்று ஒரு நோட்டில் எழுதி அவள் அலமாரியில் பூட்டினாள். நான் இரண்டு நாளுக்கு ஒருமுறை, ஓடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு ஒன்றை விழுங்கி, அதே பாதையில் 5 கிலோமீட்டர். ஓடி முடித்ததும் நேரத்தையும், 'கஃபீனா மாவா' என்ற என் யூகத்தையும் என் நோட்டில் எழுதினேன்.

நேற்று பூட்டைத் திறந்தோம். யூகம் பன்னிரண்டில் எட்டு சரி. கஃபீன் நாட்களின் சராசரி மாவு நாட்களைவிட 19 விநாடி குறைவு. பன்னிரண்டு ஓட்டம் எதையும் நிரூபிக்காது, வெயிலும் தூக்கமும் நாளுக்கு நாள் வேறு. ஆனால் என் மூன்றாவது வேகமான ஓட்டம் மாவு நாள். அன்றைக்கு நோட்டில் நான் எழுதியிருப்பது: 'நிச்சயம் கஃபீன். கால் தானாகப் போகிறது.'

மனைவி அந்தப் பக்கத்தை மடித்து வைத்திருக்கிறாள். அக்கா மகன் ஞாயிற்றுக்கிழமை வருகிறான், பிசிஏஏவுக்கு இப்படிச் செய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறான். அதன் கசப்பை மறைக்கக் கேப்ஸ்யூல் போதும், ஆனால் ஒரு ஸ்கூப்புக்குப் பத்துப் பன்னிரண்டு கேப்ஸ்யூல் ஆகும். எதை அளப்பது என்பதையும் அவன்தான் முடிவு செய்ய வேண்டும். யோசித்துக்கொண்டு வா என்று சொல்லியிருக்கிறேன்.